உணவக விற்பனை முன்கணிப்பில் சிறப்பு நாள்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தில் உணவகம் நடத்துவோர் பலர் பில்லிங் மென்பொருளுடன் இணைந்த விற்பனை முன்கணிப்பு வசதியைப் பயன்படுத்துகின்றனர். அது கூறும் மதிப்பீட்டைக் கொண்டே வரும் வாரத்துக்கான அரிசியும் காய்கறியும் வாங்கப்படுகின்றன. பணியாளரின் ஷிப்டும் வகுக்கப்படுகிறது. மதிப்பீடு பிழைத்தால் சமைத்த உணவு வீணாகும். அல்லது வந்தவர் உண்ணாமல் திரும்புவர். இப்பிழை பெரும்பாலும் பண்டிகைக் காலத்திலேயே நேர்கிறது.

இத்தகைய மென்பொருள் பொதுவாகச் சென்ற ஆண்டின் அதே தேதியையோ அண்மை வாரங்களின் அதே கிழமையையோ அடிப்படையாகக் கொள்ளும். பண்டிகைகளோ தேதி மாறி வருவன. தீபாவளி 2023இல் நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. 2024இல் அக்டோபர் 31, வியாழக்கிழமை. முன்கூட்டிக் குறித்து வைக்காத கடையில், 2024 தீபாவளி சாதாரண நாளாகக் கணக்கிடப்பட்டு, பண்டிகை முடிந்த பின் நவம்பர் 12 அன்று பெருங்கூட்டம் எதிர்பார்க்கப்பட்டிருக்கும்.

ஆதலால் சிறப்பு நாளைத் தேதியால் அன்றிப் பெயரால் பதிவு செய்தல் வேண்டும். அப்போதும் கிழமை வேறுபாடு எஞ்சும். ஒரு கடையில் வழக்கமான ஞாயிறன்று 250 சாப்பாடும், 2023 தீபாவளியன்று 325 சாப்பாடும் விற்றதாகக் கொள்வோம். பெருக்கம் 1.3 மடங்கு. வழக்கமான வியாழன் விற்பனை 200 எனில், 2024 தீபாவளிக்குத் தகுந்த மதிப்பீடு 260. பழைய 325 அன்று. இனிப்பு, கார வகைகளுக்குச் சில நாள் முன்னரே ஆர்டர் வரத் தொடங்குமாதலால், அந்நாள்களையும் அதே பெயரின் கீழ்ச் சேர்ப்பது நலம்.

ரமலான் ஒரு நாளன்று, ஒரு மாதம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும் அது, அமீரகத்தில் 2024இல் மார்ச் 11 அன்றும் 2025இல் மார்ச் 1 அன்றும் தொடங்கியது. பகல் விற்பனை குறைந்து நோன்பு திறக்கும் வேளையிலும் சஹர் நேரத்திலும் கூடும். தனியார் துறையினரின் பணிநேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி குறைவதால் மாலைக் கூட்டத்தின் நேரமும் மாறும். எனவே நாள் மொத்தத்தை மட்டும் பார்த்தல் போதாது. மணிவாரிக் கணக்கு தேவை. பிறையைப் பொறுத்து மாதம் 29 நாளாகவோ 30 நாளாகவோ அமையும். நோன்புப் பெருநாளுக்கு இரு தேதிகளையும் குறித்து, அறிவிப்பு வந்ததும் ஒன்றை நீக்கிவிடலாம்.

மீண்டும் வாராத நாள்களும் உண்டு. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் நாடு கண்ட பெருமழை. அன்றைய வெறுமையான விற்பனையை 'விலக்கப்பட்ட நாள்' எனக் குறிக்காவிடில், அடுத்த ஏப்ரலின் மதிப்பீடும் காரணமின்றித் தாழும்.

பழைய கணக்கை ஏற்றுவோர் வார விடுமுறை மாற்றத்தையும் கருத வேண்டும். 2022 ஜனவரி முதல் கூட்டரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள் பணி, சனி, ஞாயிறு விடுமுறை. சார்ஜா அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் முழு விடுமுறையே. துபாயிலும் சார்ஜாவிலும் கிளை வைத்திருப்போர் இரண்டுக்கும் தனித்தனி நாள்காட்டி அமைத்தல் வேண்டும்.