தூக்கத்தைத் திருடியது எது?

காலை 8 மணி விரிவுரைக்காக ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் ஏறும்போதே எனக்குக் கண் சொக்கும். சென்ற பருவத்தில் இருமுறை இறங்கும் நிலையத்தைத் தவறவிட்டேன். ஒரு குறுந்தேர்வின் நடுவே உறங்கியும் போனேன். அதில் கிடைத்த மதிப்பெண்ணை வீட்டில் சொல்ல இரண்டு நாளாயிற்று.

“எல்லாம் அந்தத் திறன்பேசியாலதான்,” என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. படுத்த நேரத்தையும் உறக்கம் வர ஏறக்குறைய எவ்வளவு நேரமானது என்பதையும் தினமும் குறித்தேன். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல்!

இரண்டாம் வாரம் இரவு 10 மணிக்குமேல் திறன்பேசியை வரவேற்பறையிலேயே வைத்தேன். சீக்கிரம் படுத்தேன். ஆனாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததுதான் மிச்சம்.

குறிப்புகளைப் புரட்டியபோது இரண்டு இரவுகள் கண்ணில் பட்டன. படுத்ததும் உறங்கிய அவ்விரு நாள்களும் அப்பாவின் ஓய்வு நாள்கள். மற்ற நாள்களில் அவர் வேலை முடிந்து வந்ததும் இரவு 9 மணிக்கு ஓவன் ரோடு காப்பிக்கடையில் இருவரும் தேநீர் குடிப்போம். உடலில் சேரும் கஃபீனில் பாதி வெளியேறவே பொதுவாக 5 மணி நேரம் வரை ஆகலாம். அப்படியானால், அதிகாலை 2 மணிக்கும் அந்தத் தேநீர் என்னை விட்டிருக்காது.

ஆனால், அப்பாவும் நானும் மனம்விட்டுப் பேசுவது அந்த அரை மணி நேரத்தில்தான். அதை விட மனமில்லை. அதனால் அடுத்த 14 இரவுகளும் காப்பிக்கடையில் நாணயத்தைச் சுண்டினேன். எண் விழுந்தால் தேநீர், சின்னம் விழுந்தால் பார்லி. நானே தேர்ந்தெடுத்தால் தேர்வுக்கு முந்திய இரவில் தேநீரைத்தான் கேட்பேன். உறக்கத்தைக் கெடுத்தது தேநீரா, தேர்வுப் பதற்றமா என்று பிறகு தெரியாமல் போய்விடும்.

“என்னம்மா, தேநீர் குடிக்கவும் காசு சுண்டணுமா?” என்று சிரித்தார் அப்பா.

எட்டுத் தேநீர் இரவுகளில் உறக்கம் வர சராசரியாக 70 நிமிடம். ஆறு பார்லி இரவுகளில் 25 நிமிடம்.

இப்படித் தம்மையே சோதித்தவர்களில் காந்தி முன்னோடி. 1888ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கச் சென்றவர், ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதி, உறங்குமுன் மீதியைச் சரிபார்த்தார். வண்டிச் செலவைக் குறைக்க நடந்தார். நாளுக்கு எட்டு, பத்து மைல் நடப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தம் வாழ்க்கை வரலாற்றுக்கே ‘சத்திய சோதனை’ என்று பெயரிட்டார்.

பழக்கம் ஒரே நாளில் ஒட்டிக்கொள்வதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று தெரியவந்தது. ஒரு நாள் தவறினால் எல்லாம் பாழாகிவிடாது என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று. நானும் நான்கு நாள் தேநீருக்குத் திரும்பி, மறுபடி பார்லிக்கு வந்தேன்.

இது என் உடல் சொன்ன பதில். உங்களுக்கு அது திறன்பேசியாகவே இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்.

இரவு 9 மணிக்கு அப்பாவும் நானும் இன்றும் அதே மேசையில்தான். அவருக்குத் தேநீர், எனக்குப் பார்லி.