பார்மசான்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது?

இத்தாலியின் பார்மா, ரெஜியோ எமிலியா, மோதெனா வட்டாரங்களில் பார்மசான் சீஸ் செய்ய, முந்தைய மாலை கறந்து ஆடை எடுத்த பாலையும் காலையில் கறந்த பாலையும் ஒன்றாகச் செப்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். முந்தின நாள் பால் திரிந்தபோது வடித்த தெளிநீர் கொஞ்சம் சேர்கிறது. அடுத்து, பாலை உறையவைக்கும் ரென்னெட் என்ற நொதி. சில நிமிடங்களில் பால் உறைந்து கட்டியாகிறது. அதை உடைத்து, சூடாக்கி, அச்சில் இட்டு, உப்புநீரில் ஏறக்குறைய 20 நாள் ஊறவைத்துப் பலகையில் ஏற்றினால் குறைந்தது 12 மாதம் அங்கேதான். பிறகு ஒருவர் சின்னச் சுத்தியலோடு வந்து தட்டிப் பார்ப்பார். உள்ளே விரிசலோ பொந்தோ இருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். 40 கிலோ எடையுள்ள ஒரு சீஸ் சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால் பிடிக்கிறது.

பால், உப்பு, ரென்னெட். பார்மிஜானோ ரெஜியானோ என்ற அசல் பார்மசானில் இவற்றைத் தவிர வேறெதையும் சேர்க்க விதியில் இடமில்லை. தானியமே இல்லாததால், கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் இதைத் தாராளமாகச் சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது கூட வருபவற்றை: கோதுமை பாஸ்தா, மைதா கரைத்த வெள்ளை சாஸ், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சிக்கன் பார்மிஜானா.

டப்பாவில் வரும் துருவல் வேறு கதை. கட்டிபிடிக்காமல் இருக்க அதில் செல்லுலோஸ் கலப்பார்கள். மரக்கூழிலிருந்து வருவது, குளூட்டன் கிடையாது. சில தயாரிப்புகளில் மாவுப்பொருளும் சேரும் என்பதால் லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. லேபிளை மட்டும் நம்பவும் முடியாது: 'நூறு சதவீதம் பார்மசான்' என்று அச்சிட்டுவிட்டு, மலிவான வேறு சீஸ்களைக் கலந்து விற்ற பென்சில்வேனியா நிறுவனம் ஒன்று 2016-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

பால் குடித்தாலே வயிறு உப்புகிறவர்களுக்கு நல்ல சேதி உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை முதல் ஓரிரு நாளிலேயே பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. 100 கிராம் அசல் பார்மசானில் மிஞ்சுவது 0.01 கிராமுக்கும் குறைவு. ஆனால் பால் அலர்ஜி உள்ளவர்கள் இதைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அது சர்க்கரையால் வருவதல்ல, புரதத்தால் வருவது. அந்தப் புரதம் சீஸில் செறிந்து கிடக்கிறது. முட்டை அலர்ஜிக்காரர்கள், பார்மசானின் பங்காளியான கிரானா பதானோ விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். அதில் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது.

100 கிராமில் சுமார் 1,150 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கூடவே 1.6 கிராம் உப்பும் இருப்பதால் ரத்தக்கொதிப்புக்காரர்கள் தூவலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாஸ்பரஸும் அதிகம், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் தொடவே வேண்டாம். நாள்பட்ட சீஸில் உள்ள டைரமின், ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென ஏற்றிவிடும்.

நம் ஊர் சைவர்களுக்குத்தான் பெரிய சிக்கல். மரபான ரென்னெட் என்பது பால்குடி மறக்காத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. அசல் பார்மசானுக்கு இதுதான் கட்டாயம். தாவர ரென்னெட், நுண்ணுயிர் ரென்னெட் எதுவும் செல்லாது. ஆக, சைவ பார்மிஜானோ ரெஜியானோ என்று ஒன்று இருக்கவே முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் தந்த தீர்ப்புக்குப் பின், அங்கே மற்ற சீஸ்களைப் 'பார்மசான்' என்ற பெயரில் விற்கவும் முடியாது. பிரிட்டன் கடைகளில் சைவ வகைகள் 'இத்தாலிய பாணிக் கெட்டி சீஸ்' என்று சுற்றிவளைத்த பெயரோடு கிடைக்கின்றன.

இந்தியாவில் நுண்ணுயிர் ரென்னெட் கொண்டு செய்து, பச்சைப் புள்ளியோடு விற்கும் பார்மசான் கிடைக்கிறது. ருசியில் அசலுக்கு ஈடில்லைதான். ஆனாலும் சைவர்களுக்கு இந்த நகலே மேல். இறக்குமதியான பெஸ்டோ பாட்டிலை வாங்கும்போதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; துளசி, பூண்டு என்று பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே அசல் பார்மசான் இருக்கக்கூடும். ஓட்டலில் இத்தாலியச் சாப்பாடு கேட்கிற சைவர்கள், எந்த ரென்னெட்டில் செய்த சீஸ் என்று கூச்சப்படாமல் விசாரித்துவிடுங்கள்.