தாத்தா காலத்து புல்லட் ஏன் லொடலொடக்கிறது?

 

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று தெருவில் போனால், அந்த ‘டப் டப் டப்’ சத்தத்தை எல்லோரும் ரசிப்பார்கள். நீ மட்டும் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடுவதைக் கவனித்திருக்கிறாய். ‘லொடலொட, கிணுகிணு’ என்று ஒன்று. சபாஷ்! கூர்மையான காது உனக்கு.

டப் டப் என்பது எஞ்சின் சத்தம். அது இருக்க வேண்டியதுதான். லொடலொட என்பது வேறு. சேர்ந்தே இருக்க வேண்டிய இரண்டு பாகங்கள் தனித்தனியே ஆடி, ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்கின்றன. எங்கே மோதுகின்றன, ஏன் மோதுகின்றன என்று தேடிப் பிடிப்போமா?

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். ராயல் என்ஃபீல்டு புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், ரெடிச் என்ற ஊரில். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோத்து, ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. அதற்குப் பிறகு சென்னையை ஒட்டிய திருவொற்றியூரிலேயே புல்லட் தயாரானது. அந்தக் காலத்து வண்டிகளில் பல இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன.

புல்லட் 350-க்கு ஒரே ஒரு சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மி.மீ. அதற்குள் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் மேலும் கீழும் போய்வருகிறது. கணக்குப் புலியே, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நொடிக்கு எத்தனை? ஆமாம், 50. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு தடவை உச்சியில் நின்று திரும்புகிறது. ஒரு தடவை அடியில் நின்று திரும்புகிறது. ஆக, ஒரே நொடியில் 100 தடவை நின்று திரும்புகிறது!

நிற்கும்போதும் திரும்பும்போதும் அது எஞ்சினை ஓர் உதறு உதறுகிறது. அந்த உதறலைக் குறைக்க, உள்ளே சுற்றும் சக்கரத்தில் எதிர் எடை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒற்றைச் சிலிண்டரில் அதை முழுசாக அடக்க முடியாது. மேலும் கீழுமான உதறலைக் குறைத்தால், முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கூடிவிடும். அதனால் புல்லட் அதிரத்தான் செய்யும். இதுவரை புரிகிறதா?

இப்போது உன் ஸ்கேலை எடு. மேஜை ஓரத்தில் வைத்து, 20 செ.மீ. வெளியே நீட்டி, மேஜைமேல் இருக்கும் பகுதியை நன்றாக அழுத்திப் பிடி. நுனியைச் சுண்டிவிடு. மெதுவாக ஆடுகிறதா? இப்போது 10 செ.மீ. மட்டும் நீட்டிச் சுண்டு. ‘டுர்ர்’ என்று துடிக்கிறதே! நீளம் பாதியானால் ஆட்டத்தின் வேகம் இரண்டு மடங்காகும் என்று நினைப்பாய். இல்லை, நான்கு மடங்காகும்.

ஒவ்வொரு தகட்டுக்கும் இப்படிச் சொந்தமான ஓர் ஆட்ட வேகம் உண்டு. எஞ்சினின் உதறலும் அதே வேகத்துக்கு வந்துவிட்டால், தகடு ஆட்டமாய் ஆடித் தீர்த்துவிடும். அதனால்தான் சில வண்டிகள் 50 கி.மீ. வேகத்தில் லொடலொடக்கின்றன, 60-ஐத் தாண்டினால் அமைதியாகிவிடுகின்றன.

பின்சக்கர மட்கார்டைப் பார். அதைத் தாங்க இரண்டு பக்கமும் கம்பி இருக்கும். ஸ்டே என்பார்கள். அதன் போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? யோசித்துச் சொல் பார்க்கலாம். பிடிப்பு போய், மட்கார்டின் நீளமான பகுதி அந்தரத்தில் நிற்கும். நீள ஸ்கேல் மாதிரியே அதன் ஆட்ட வேகம் குறையும், எஞ்சினின் உதறலோடு வந்து ஒத்துக்கொள்ளும். ஒரு போல்ட் தளர்ந்ததற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்றால், இதனால்தான்.

சரி, எந்தப் பாகம் கத்துகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிக்கூட மணியை அடித்ததும் கையால் தொட்டால் சத்தம் டக்கென்று நின்றுவிடும் அல்லவா? அதே வித்தைதான். மெக்கானிக் மாமா வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை உறுமவிடுவார். டூல் பாக்ஸ் மூடி, ஹெட்லைட் வளையம், செயின் கவர் என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துவார். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அதுதான் நாம் தேடும் ஆள்.

எஞ்சின் ஓடும்போது நீ தொடாதே, கண்ணா. சைலன்சர் சுடும், செயின் விரலைப் பிடித்துவிடும். உன் வேலை வேறு. எஞ்சின் அணைந்து ஆறிய பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு பாகத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார். இறுகியிருந்தால் ‘தொக்’ என்று கேட்கும். தளர்ந்திருந்தால் ‘கிணுக்’ என்று கேட்கும்.

கண்டுபிடித்ததும் நட்டை முறுக்கிவிட்டால் போதுமா? அது ஏன் கழன்றது என்று பார்க்க வேண்டாமா? போல்ட்டை முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட இரும்பு மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதை ஆராய்ந்தார். தகடுகள் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி ஆடினால், நட்டு தானாகவே திரும்பிக் கழன்றுவிடும் என்று காட்டினார்.

பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த பழைய வண்டி கொஞ்ச நாளிலேயே லொடலொடக்கும். காரணம் இப்போது உனக்கே தெரிந்திருக்கும். வாசருக்கு அடியில் தடிமனான பெயின்ட் இருக்கிறது. அது நசுங்கி உதிர்கிறது. போல்ட்டின் இழுப்பு போய்விடுகிறது. போல்ட் உட்காரும் அந்தச் சின்ன வட்டத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும் விஷயம். புதுசாக வாங்கிய மட்கார்டு ஒன்றை மாட்டுகிறோம். மூன்று துளை சரியாக வருகிறது. நான்காவது 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. என்ன செய்வாய்? பலர் கம்பியை விட்டு நெம்பி, இழுத்துப் பிடித்து, போல்ட்டைத் திணித்துவிடுவார்கள். மாட்டிவிட்டோம் என்ற திருப்தி வேறு! ஆனால் அந்தத் தகடு எந்நேரமும் வளைந்த நிலையிலேயே இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எஞ்சினின் ஓயாத உதறல். ஒருநாள் துளையின் ஓரத்தில் தலைமுடி போல மெல்லிய விரிசல் விழும். அது நீண்டுகொண்டே போகும்.

நல்ல மெக்கானிக் எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே மாட்டுவார். எதையும் இறுக்க மாட்டார். ஒன்று ஏறவில்லை என்றால், வட்ட அரத்தால் அந்தத் துளையைக் கொஞ்சம் நீளமாக ராவி, பெரிய வாசர் போட்டு மூடுவார். இடைவெளி இருந்தால், போல்ட்டால் இழுத்து ஒட்டாமல், அந்த அளவுக்கு வாசர்களை அடுக்கி நிரப்புவார். எல்லாம் தானாக உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் கையில் வரும்.

விரலால் மாட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய புல்லட்டில் பல போல்ட்டுகள் பிரிட்டிஷ் அளவு. 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ. இப்போது கடையில் கிடைப்பது 8 மி.மீ. போல்ட். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்! ஆனால் மரையை எண்ணிப் பார். பழையதில் ஓர் அங்குலத்துக்கு 26 மரை. ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ.கூட நகராது. புதியதோ ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரப் பார்க்கும். ஒன்றிரண்டு சுற்று ஏறி, சிக்கிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை நாசம். விரலுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அதிரும் இடத்தில் நைலாக் நட்டு நல்லது. உள்ளே இருக்கும் நைலான் வளையம் கழலவிடாது. சைலன்சர் பக்கம் மட்டும் வேண்டாம். சூட்டில் நைலான் இளகிவிடும். பெட்ரோல் டேங்கைத் தாங்கும் இடத்தில் ரப்பர் இருக்கும். அதை நசுக்கும்படி முறுக்கக் கூடாது. அதிர்வை விழுங்கத்தானே ரப்பரே வைத்தது?

கடைசியாக ஒரு சத்தம். எஞ்சினுக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று மெல்ல வருகிறதே, அதையும் அடக்கிவிட வேண்டுமா? அவசரப்படாதே. அது டேப்பட் சத்தம். வால்வுகளைத் திறக்கும் நீளக் கம்பிகள் அங்கே இருக்கின்றன. சத்தமே வராதபடி இறுக்கிவிட்டால் வால்வு முழுசாக மூடாது. நெருப்புக் காற்று அந்தச் சந்தில் பீறிட்டு வால்வைக் கருக்கிவிடும். அதனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் அடியில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றுவார் மெக்கானிக். கம்பியை இரண்டு விரலால் உருட்டுவார். தடையில்லாமல் உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது, “மாமா, நானும் ஒருதடவை உருட்டிப் பார்க்கட்டுமா?” என்று கேள். உன் ஆர்வத்தைப் பார்த்தால் நிச்சயம் இடம் கொடுப்பார்.