தாகமும் வெள்ளமும்: 42ஆம் சங்கீதத்தில் தண்ணீர்

துயருற்ற கவிஞன் 'நான் துயருற்றேன்' என்று கூறினால் அது நமக்குச் செய்தியாகும், உணர்வாகாது. ஆதலால் அவன் கண்ணாற் கண்டதும் செவியாற் கேட்டதுமான ஒரு பொருளை நம்முன் நிறுத்தி, தான் விலகிக்கொள்கிறான். உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடியாகத் தோன்றும் என்று தொல்காப்பியர் வகுத்தார். இவற்றுள் எதன் அடியாக ஓர் உவமை பிறந்தது என்று நோக்காமையால் நம் பிரசங்கங்களில் நேரும் தவறுகள் பல. 42ஆம் சங்கீதத்தின் மானைக் கண்டவுடன், மான் யார், ஓடை எது, வேட்டைக்காரன் யார் என்று வினவத் தொடங்குகிறோம். வேடனோ அச்சங்கீதத்தில் இல்லவே இல்லை!

இது வினைபற்றி வந்த உவமை. மானின் அழகோ விரைவோ ஈண்டுப் பேசப்படவில்லை; அதன் குரலே பேசப்படுகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூச்சிரைத்தல் என்னும் பொருளைக் கொண்டது. நம் பழைய தமிழ்த் திருமறையோ 'கதறுதல்' என்னும் சொல்லை ஆண்டது. அதுவே வலிமையுள்ளது என்பது நம் கருத்து. இங்குள்ள எபிரெய வினைச்சொல் இச்சங்கீதத்தின் முதல் வசனத்தைத் தவிரப் பழைய ஏற்பாட்டில் யோவேல் 1:20இல் மட்டுமே வருகிறது. அங்கே நீரோடைகள் வற்றிப்போனதால் காட்டு மிருகங்கள் கர்த்தரை நோக்கிக் கதறுகின்றன. ஓடையைக் குறிக்கும் சொல்லும் இரண்டிடத்தும் ஒன்றே. ஆகவே, பசும்புல் நடுவே நீரருந்தும் மானைச் சுவர்ப்படங்களில் கண்டு பழகிய நாம், அப்படத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் பள்ளங்கள் யூதேயாவில் பல. அத்தகைய வறண்ட பள்ளத்தில் நின்று கதறும் மானே இது. பெயர்ச்சொல் ஆண்பால் வடிவிலிருப்பினும் வினை பெண்பாலாதலின், பெண்மான் என்று கொள்வோரும் உளர்.

'ஆத்துமா' என்று நாம் படிக்கும் நெபெஷ் என்னும் சொல்லுக்குத் தொண்டை என்னும் பொருளும் உண்டு. உலர்ந்த தொண்டையோடு அச்சொல்லைப் படித்தால், தாகம் வெறும் ஆவிக்குரிய சொல்லாக மெலிந்துவிடாது.

இனி, கவிஞன் செய்யும் வியப்பான செயலைக் காண்போம். மூன்றாம் வசனத்தில் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் அது கண்ணீர். அதுவும் பானமாக அன்றி உணவாக. ஆறாம் வசனத்தில் அவன் எருசலேமுக்குத் தொலைவில், யோர்தான் தேசத்தில், எர்மோன் மலைப்புறத்தில் நிற்பதை அறிகிறோம். 2,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அம்மலையின் பனி உருகி யோர்தானின் ஊற்றுகளுக்கு நீரளிக்கிறது. தண்ணீருக்காகக் கதறியவனைச் சுற்றி இப்போது எங்கும் தண்ணீர். ஆனால் அது தாகந்தீர்க்கும் நீரன்று. ஆழம் ஆழத்தைக் கூப்பிடுகிறது. அலைகள் அவன்மேல் புரள்கின்றன. ஆதியாகமம் 1:2இல் இருள் மூடியிருந்த ஆழத்தைக் குறிக்கும் அதே சொல் இங்கும் நிற்கிறது. தேவன் இல்லாமையால் தவித்தவன், தேவனுடைய மிகுதியால் மூழ்குகிறான். இவ்விரண்டையும் ஒருங்கே உரைநடையில் கூறினால் முரண்பாடு என்போம். தண்ணீர் என்னும் ஒரே படிமம் இரண்டையும் தாங்குகிறது.

பல ஆண்டுகளுக்குமுன், கடலோரச் சபையொன்றில் நாம் ஊழியஞ்செய்தபோது, மீன்பிடிக்கச் சென்று திரும்பாத ஓர் இளைஞனின் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினோம். இச்சங்கீதத்தையே வாசித்தோம். ஏழாம் வசனத்தை அவ்வீட்டில் வாசிக்க மனம் துணியாமல் தாண்டிவிட்டோம். கூட்டம் கலைந்தபின், தகப்பனார் வேதபுத்தகத்தை நம்மிடம் நீட்டி, "ஐயா, அலையைச் சொல்லுகிற வசனத்தை விட்டுவிட்டீர்களே. அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். மறுபடியும் அமர்ந்து அதை வாசித்தோம். அவர் விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வசனத்தில் அலைகள் வெறும் அலைகளல்ல, 'உம்முடைய' அலைகள். இதே சொற்களை மீனின் வயிற்றிலிருந்து யோனாவும் கூறுகிறான் (யோனா 2:3). இதனைக்கொண்டு, தேவனே அம்மகனை மூழ்கடித்தார் என்னும் உபதேசத்தைக் கட்டுவது கொடுமை. கவிதை அவ்வாறு கட்டுவதற்கு இடங்கொடுப்பதுமில்லை. சங்கீதக்காரன் தேவனைப்பற்றி விளக்கவில்லை, தேவனிடமே முறையிடுகிறான். 'உம்முடைய' என்னும் சொல்லில் குற்றச்சாட்டும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்தெடுக்கும் தராசு நம்மிடம் இல்லை. நாம் அந்த வசனத்தைத் தாண்டியபோது, தகப்பனாரின் முறையீட்டுக்கு இருந்த சொல்லையே எடுத்துவிட்டோம்.

தன் ஆத்துமாவை நோக்கி, ஏன் கலங்குகிறாய் என்று கேட்கும் பல்லவி 42:5, 42:11, 43:5 ஆகிய மூன்றிடங்களில் வருகிறது. 43ஆம் சங்கீதத்திற்குத் தலைப்பு இல்லை. எபிரெயக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் இரண்டும் ஒன்றாகவே எழுதப்பட்டுள்ளன. ஆகவே இரண்டையும் ஒரே பாடலாகப் படித்தல் தகும். அவ்வாறு படிக்கையில் ஒன்று புலப்படும். 43:3இல் கவிஞன் வெளிச்சத்தையும் சத்தியத்தையும் அனுப்பும்படி வேண்டுகிறான். அவை தன்னைப் பரிசுத்த பர்வதத்திற்கு வழிநடத்தவேண்டும் என்கிறான். தண்ணீர் மறைந்து, வழியும் வெளிச்சமும் தோன்றுகின்றன. பல்லவி மூன்றாம் முறை அதே சொற்களோடு வருகிறது. மான் நீரருந்தியதாக எங்கும் கூறப்படவில்லை.