மேடையில் ஒரு முடிவு, திரையில் ஒரு முடிவு



கோயில் திருவிழாவில் மேடை கட்டி நாடகம் போட்டதையும், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டியதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேடையில் நடந்த கதை பிறகு படமாகவும் வருவதுண்டு. 'கதை ஒன்றுதானே, எதில் பார்த்தால் என்ன?' என்று நமக்குத் தோன்றும். ஆனால் கடைசிக் காட்சி ஒன்று மாறினால் கதையின் பொருளே மாறிவிடும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பெர்னார்ட் ஷா எழுதிய 'பிக்மேலியன்' என்னும் நகைச்சுவை நாடகம்.

ஷா 1856ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்தவர். இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். 'பிக்மேலியன்' 1913இல் வியன்னா நகரில் ஜெர்மன் மொழியில் முதலில் அரங்கேறியது. மறு ஆண்டு லண்டனுக்கு வந்தது.

கதை எளியது. லண்டன் தெருவில் பூ விற்கும் ஏழைப் பெண் எலைசா. அவள் பேசும் கொச்சை ஆங்கிலத்தைக் கேட்டுப் பேராசிரியர் ஹிக்கின்ஸ் கேலி செய்கிறார். மூன்றே மாதத்தில் இவளைப் பெரிய இடத்துப் பெண் போலப் பேச வைப்பேன் என்று பெருமையடிக்கிறார். மறுநாளே எலைசா அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். ஏன் தெரியுமா? நல்ல ஆங்கிலம் பேசினால் பூக்கடையில் வேலை கிடைக்கும் என்ற ஆசை. நாளுக்கு இரண்டரை ஷில்லிங் சம்பாதிப்பவள், பாடத்திற்கு ஒரு ஷில்லிங் கூலி தருகிறேன் என்கிறாள். கற்க வேண்டும் என்ற எண்ணம் அவளுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடகத்தில் மிகவும் சிரிப்பூட்டுவது ஹிக்கின்ஸின் தாயார் வீட்டுத் தேநீர் விருந்து. எலைசா ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக உச்சரிக்கிறாள். ஆனால் பேசும் செய்தியோ தெருவில் பேசுவது! தன் அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்றும், அவளுடைய தொப்பியையும் திருடிக்கொண்டார்கள் என்றும் மிக நாகரிகமான குரலில் சொல்கிறாள். உச்சரிப்பு மாறிவிட்டது, வாழ்க்கை மாறவில்லை.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். 1938இல் ஆந்தனி ஆஸ்குவித்தும் லெஸ்லி ஹோவர்டும் இதைப் படமாக்கினார்கள். ஹோவர்டே ஹிக்கின்ஸாக நடித்தார். வெண்டி ஹில்லர் எலைசாவாக நடித்தார். திரைக்கதைக்காக ஷாவுக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

மேடையில் ஒவ்வொரு காட்சிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எலைசா பாடுபட்டுப் படித்ததையும், பெரிய மனிதர்களின் விருந்தில் அவள் வெற்றி பெற்றதையும் நாடகம் பெரும்பாலும் பேச்சிலேயே தெரிவிக்கிறது. படமோ அவற்றைக் கண்முன் காட்டுகிறது. வாயில் கோலிக்குண்டுகளைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகுகிறாள். விளக்கொளி வீசும் நடன விருந்தில், மொழி வல்லுநர் ஒருவர் அவளை ஹங்கேரி நாட்டு அரச குடும்பத்துப் பெண் என்றே முடிவு கட்டிவிடுகிறார். இவை படம் நமக்குத் தந்த ஆதாயம்.

இழந்தது என்ன? விருந்து முடிந்து திரும்பியதும் ஆண்கள் இருவரும் தங்களையே மெச்சிக்கொள்கிறார்கள். உழைத்தவளுக்கு ஒரு நன்றிச் சொல்கூட இல்லை. எலைசா வெகுண்டு, ஹிக்கின்ஸின் செருப்பை எடுத்து அவர் மேலேயே வீசுகிறாள். அந்த வீட்டை விட்டும் வெளியேறுகிறாள். நாடகத்தின் இறுதியில் ஹிக்கின்ஸ் வழக்கம்போல் அவளுக்குக் கடைச் சாமான் வாங்கிவர உத்தரவு போடுகிறார். அவரையே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். பின்னர் 1916இல் எழுதிய பின்னுரையில், எலைசா ஃபிரெடி என்னும் இளைஞனை மணந்து பூக்கடை வைத்தாள் என்று ஷா தெளிவாகவே எழுதினார்.

படத்திலோ எலைசா ஹிக்கின்ஸிடமே திரும்பி வருகிறாள். அவர் அவளிடம் தம் செருப்பு எங்கே என்று கேட்கிறார். படமும் முடிகிறது. அது ஷா விரும்பிய முடிவன்று. காதலர் சேர வேண்டும் என்று பார்ப்பவர்கள் எதிர்பார்த்தார்கள். படமெடுத்தவர்கள் அதற்கு இசைந்தார்கள். 1964இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' என்னும் பாட்டுப் படமும் இதே வழியில்தான் சென்றது.

இந்த மாற்றம் ஏன் பெரிது? நாடகத்தில் எலைசா ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறாள். பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் நடந்துகொள்வதில் இல்லை. பிறர் அவர்களை நடத்துவதில் இருக்கிறது. ஹிக்கின்ஸின் நண்பர் பிக்கரிங், முதல் நாளே அவளை மரியாதையாக 'மிஸ் டூலிட்டில்' என்று அழைத்தார். 'ஏய், இங்கே வா' என்று கேட்டே பழகியவளை 'வாங்கம்மா' என்று ஒருவர் அழைத்தால் எப்படியிருக்கும்! அந்தச் சொல்தான் தனக்குத் தன்மதிப்பைக் கற்றுத் தந்தது என்கிறாள் எலைசா. அப்படிப்பட்டவள் திரும்பவும் செருப்பு எடுத்துக் கொடுக்க வந்தால், அவள் கற்ற பாடம் என்ன ஆயிற்று?

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அருமையான படம்; வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் கடைசிக் காட்சி முடிந்ததும் உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: 'எலைசா திரும்பி வந்தது சரிதானா?' அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்கும்போது, மறவாமல் அவர்களையும் மரியாதையாக நடத்துங்கள்.