ஆடுகளமும் அறிவுக்கூர்மையும்

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுத் தேர்வு நெருங்கும்போது பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுவேன். தேகப்பயிற்சி ஆசிரியர் மறுத்து ஒன்றும் சொல்லமாட்டார். பந்துகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். ஆட்டம் உடலுக்கு, படிப்பு மூளைக்கு என்று நான் எண்ணியிருந்த காலம் அது.

விளையாட்டு அறிவை வளர்க்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. எந்த விளையாட்டு, அறிவின் எந்தப் பகுதியை வளர்க்கிறது என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். சிந்தனையை நெறிப்படுத்தும் தொழில்களுள் மூன்றை உளவியலார் சிறப்பாக எடுத்துக் கூறுகின்றனர். வேண்டிய செய்தியை மனத்தில் நிறுத்திக்கொள்வது ஒன்று. முந்திக்கொண்டு எழும் தவறான உந்துதலை அடக்குவது இன்னொன்று. நிலைமை மாறியதும் எண்ணத்தை மாற்றிக்கொள்வது மற்றொன்று. பாதிக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடும் பையனுக்குக் கணிதமே தெரியாது என்று சொல்லலாமா? இம்மூன்றில் ஏதோ ஒன்று அந்த நொடியில் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

திறன்களில் மூடியவை, திறந்தவை என இருவகை உண்டென்று பிரிட்டிஷ் உளவியலாளர் போல்டன் 1957-ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டினார். குண்டெறிதலில் வட்டமும் மாறாது, குண்டின் எடையும் மாறாது. ஒரே அசைவைச் செம்மையாக்குவதே பயிற்சி. இது மூடியது. சடுகுடுவோ திறந்தது. பாடிச் செல்பவனுக்கு உள்ள நேரம் 30 வினாடிகள். எதிரே 6 பேராவது நின்றால்தான் போனஸ் கோட்டைக் கடந்ததற்குப் புள்ளி கிடைக்கும். ஆகவே எண்ணிக்கை மனத்தில் இருக்க வேண்டும். மூலையில் நிற்பவன் வேண்டுமென்றே காலை நீட்டி ஆசை காட்டுவான்; தொடத் துடிக்கும் கையை அடக்க வேண்டும். கைகோத்து நிற்பவர்கள் திடீரென ஒருபுறம் வளைந்தால், நினைத்து வந்ததை அக்கணமே கைவிட்டுத் திரும்ப வேண்டும். மேலே சொன்ன மூன்று தொழில்களும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன!

பெர்லின் நகரப் பள்ளி ஒன்றில் 13 முதல் 16 வயது வரையுள்ள மாணவரைக் கொண்டு நடந்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. ஒரு சாரார் 10 நிமிடம் வழக்கமான உடற்பயிற்சி செய்தனர். மறு சாரார் அதே நேரம் இரு கைகால்களையும் இசைவித்துச் செய்யும் நுட்பமான பயிற்சிகளைச் செய்தனர். பின்னர் நடந்த கவனச் சோதனையில் இரு சாராரும் முன்னேறினர். நுட்பமாகப் பயின்றவர்களே மிகுதியாக முன்னேறினர். ஓட்டம் வீண் என்று இதற்குப் பொருளல்ல. அமெரிக்காவில் 7 முதல் 9 வயதுச் சிறுவர் சிறுமியர் 221 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது; அதன் முடிவு 2014-இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பகுதியினரைப் பள்ளி விட்டபின் 9 மாதங்கள் மூச்சிரைக்க ஓடியாடச் செய்தனர். உந்துதலை அடக்குவதிலும் எண்ணத்தை மாற்றிக்கொள்வதிலும் அவர்கள் மற்றவர்களை விஞ்சினர்.

ஆனால் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு ஆட்டக் காட்சிகளைச் சில நொடிகள் காட்டி, யார் எங்கே நின்றார் என்று கேட்ட ஆய்வு 1980-இல் வெளியாயிற்று. முறையாக நடக்கும் ஆட்டத்தின் காட்சிகளில் அவர்கள் பிறரைவிடச் சிறந்தனர். ஒழுங்கின்றிச் சிதறி நின்ற காட்சிகளில் அச்சிறப்பு இல்லை. களத்தில் கூர்மையான கண் எங்கும் கூர்மையாக இருந்துவிடாது. சடுகுடு ஆடினால் அல்ஜீப்ரா வந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

என் பணியின் இறுதி ஆண்டுகளில் அப்பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது வேறொன்று கண்ணில் பட்டது. திறந்த விளையாட்டையும் நாமே மூடிவிட முடியும்! கோட்டுக்கு வெளியே நின்று, "இடப்பக்கம் போ! பின்னால் வா! இப்போது தொடு!" என்று ஆசிரியர் கூவிக்கொண்டே இருந்தார். பாடிச் செல்லும் பையனின் கண் எதிரியிடம் இல்லை. காது ஆசிரியரிடம் இருந்தது. அடக்குவதும் மாறுவதும் ஆசிரியரின் வேலையாகிவிட்டன. பையனுக்கு மிஞ்சியது ஓட்டம் ஒன்றே. (வகுப்பறையில் விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு நானும் இதையேதான் செய்திருக்கிறேன்.)

ஓர் ஆட்டம் முழுவதும் வாய் திறவாமல் நிற்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன். அரைமனத்தோடு இசைந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளியிடம் அன்று தோற்றோம். அவருக்கு என்மேல் வருத்தம்தான். மறுநாள் வேப்பமரத்தடியில் பையன்கள் ஏழு பேரும் குந்தியிருந்து, மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, தங்கள் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். மணி அடித்தது. அடுத்த பாடவேளை கணிதம். நான் சற்று நேரம் அவர்களை எழுப்பவில்லை.