படுத்திருப்போர் காணும் அறை

உள்ளக அமைப்புக்கலை பயிலும் மாணாக்கரிடம் ஒரு சிகிச்சை நிலையத்தை வகுத்துத் தருமாறு கேட்டால், பெரும்பாலும் வரவேற்பு மண்டபத்தையே முதலில் வரைவர். நின்று நோக்குவோருக்கு அது இனியதுதான். நோயாளரோ படுத்திருக்கிறார், அவர் கண்முன் இருப்பது உட்கூரை.

பின்லாந்தில் 1933இல் நிறைவெய்திய பைமியோ கசரோக வைத்தியசாலை இதனை உணர்ந்தே எழுந்தது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து அன்று இல்லை. ஓய்வும் வெயிலும் தூய காற்றுமே சிகிச்சை. நோயாளர் மாதக்கணக்கிற் படுத்திருந்தனர். கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ உட்கூரைக்குக் கண்ணை உறுத்தாத கரும்பச்சை வண்ணம் தீட்டுவித்தார். விளக்கையும் படுத்திருப்பவரின் பார்வைக்கு அப்பால் வைத்தார். தாம் நோயுற்றுக் கிடந்த அனுபவமே இதற்கு வழிகாட்டியதென அவரே கூறியுள்ளார். வரைபலகையை அணுகுமுன் மாணாக்கரும் ஒரு மணிநேரம் மல்லாந்து படுத்துப் பார்க்கலாமே!

ஓர் அறையில் இருவர். ஒருவர் கைகழுவும் ஓசை மற்றவரின் துயிலைக் கெடுத்தலாகாது. ஆகவே நீர் சாய்வாக விழுந்து அரவமின்றி வழியும்படி கழுவுதொட்டி வடிவமைக்கப்பட்டது. வளைத்த ஒட்டுப்பலகையாலான நாற்காலியின் சாய்வு, மூச்சு விடுதலை எளிதாக்கும் நோக்குடையது. வைத்தியரையும் அவர் மறக்கவில்லை: அங்கியின் கை மாட்டிக்கொள்ளாதவாறு கதவின் கைபிடிகளை வளைத்திருந்தார்.